பாதிப்பேர் வெளிநடப்பு, தீர்மானமோ ஒருமனதாக: பேரூராட்சி மன்றக் கூட்டத்தின் கணக்கு

மாதக் கடைசியில் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒரே வார்ப்பில் இரண்டு மூன்று செய்தி வரும். "பேரூராட்சிக் கூட்டத்தில் கடும் வாக்குவாதம்; கவுன்சிலர்கள் வெளிநடப்பு" என்று தலைப்பு இருக்கும். கடைசி வரியில், "பின்னர் 34 தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேற்றப்பட்டன" என்று முடிந்திருக்கும். டீக்கடை பெஞ்சில் இதைப் படிக்கிறவருக்கு நியாயமாகவே சந்தேகம் வரும். பாதிப்பேர் எழுந்து போய்விட்டார்கள் என்றால் ஒருமனதாக எப்படி? எதிர்த்தவர்களின் கணக்கு எங்கே போனது?

செய்தியில் தவறில்லை. இரண்டு வரியும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். அது எப்படி என்று புரிய, மன்றக் கூட்டம் என்னும் இயந்திரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில், எந்தப் 'பஞ்சாயத்து'?

கொங்குப் பக்கம் ஊராட்சி, ஒன்றியம், பேரூராட்சி எல்லாவற்றுக்கும் பேச்சில் 'பஞ்சாயத்து' என்ற ஒரே சொல்தான். பாதிக் குழப்பம் இங்கேயே தொடங்குகிறது.

1. கிராம ஊராட்சி தனிச் சட்டத்தில் நடக்கிறது. அதற்குத்தான் கிராம சபை உண்டு. வாக்காளர் எல்லோரும் போய் உட்கார்ந்து கேள்வி கேட்கலாம்.

2. சென்னிமலை, கொடுமுடி, அந்தியூர் போன்றவை பேரூராட்சிகள். கோபி, பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம் போன்றவை நகராட்சிகள். இரண்டும் நகர்ப்புற உள்ளாட்சி. இங்கே கிராம சபை கிடையாது. முடிவெடுப்பது கவுன்சிலர்கள் அடங்கிய மன்றம். வார்டு மக்களுக்கு என்று ஏரியா சபை என்ற ஏற்பாடு 2022 நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று தமிழ்நாட்டில் தொடங்கியது. அதில் பேசுவது மன்றத்துக்குக் கோரிக்கையாகப் போகுமே தவிர, அதுவே தீர்மானம் ஆகிவிடாது.

3. மன்றத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. 2022 பிப்ரவரி 19ல் நடந்த தேர்தலில் நாம் கவுன்சிலருக்குத்தான் ஓட்டுப் போட்டோம். மார்ச் 4ல் அவர்கள் கூடித் தங்களில் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே தலைவரும் ஒரு வார்டின் உறுப்பினர்தான். அவருக்கும் ஓர் ஓட்டு உண்டு.

4. அலுவலகத்தை நடத்துவது அரசு ஊழியர். பேரூராட்சியில் செயல் அலுவலர், மக்கள் வாயில் 'ஈஓ'. நகராட்சியில் ஆணையர். இவர்கள் கூட்டத்தில் உட்காருவார்கள், விளக்கம் சொல்வார்கள். ஓட்டுப் போட முடியாது.

இந்த நான்காவது புள்ளியை விட்டுவிட்டுப் பார்த்தால் கூட்டத்தில் நடக்கும் சண்டை எதுவும் புரியாது. பொருளை, அதாவது கூட்டத்தில் எடுக்க வேண்டிய விஷயத்தை, எழுதிக் கொண்டுவருவது அலுவலகம். அனுமதிப்பது மன்றம். செலவு செய்வது மறுபடியும் அலுவலகம். நடுவில் இருக்கும் அந்த ஒரு கட்டத்துக்காகத்தான் இத்தனை விதிமுறையும்.

சட்டம் எங்கிருந்து வருகிறது

ராஜாஜி சேலத்திலும் பெரியார் ஈரோட்டிலும் நகராட்சித் தலைவர்களாக இருந்த காலத்தை ஒட்டி, 1920ல் வந்தது மாவட்ட நகராட்சிகள் சட்டம். கூட்டம் எப்படிக் கூட வேண்டும், எத்தனை பேர் வேண்டும், எப்படிப் பதிய வேண்டும் என்பதெல்லாம் அதன் மூன்றாம் அட்டவணையில் இருந்தன. அரசியல் சட்டத்தின் 74வது திருத்தம் 1993 ஜூன் 1ல் நடைமுறைக்கு வந்து, நகர்ப்புற உள்ளாட்சிக்கு அரசியல் சட்டத்திலேயே இடம் கொடுத்தது. அதையொட்டி 1998ல் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நிறைவேறியது. ஆனால் 2000ல் நிறுத்திவைக்கப்பட்டு இரண்டு பத்தாண்டுக்கும் மேல் கிடந்து, கடைசியில் 2023 ஏப்ரலில்தான் புதிய விதிகளோடு அமலுக்கு வந்தது. 1920 சட்டம் அத்தோடு விடைபெற்றது.

நூறு வருடம் புழங்கிய பழக்கம் சட்டப் புத்தகம் மாறியதும் மாறிவிடாது. மன்றங்களில் கவுன்சிலர்களும் எழுத்தர்களும் இன்றும் பேசுவது அந்த மூன்றாம் அட்டவணையின் மொழியைத்தான். கீழே சொல்லும் கணக்குகளும் அந்த அட்டவணையை வைத்துச் சொல்பவையே. மனு எழுதும்போது பிரிவு எண்ணையும் கணக்கையும் 2023 விதிகளில் ஒத்துப் பார்த்துப் போடுங்கள். பழைய எண்ணைப் போட்டால் அதையே சாக்காக வைத்து மனுவைத் திருப்பிவிடுவார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2016 அக்டோபரில் பழைய மன்றங்களின் காலம் முடிந்தது. 2022 மார்ச் வரை ஐந்து வருடத்துக்கும் மேலாக மன்றமே இல்லை. மன்றத்துக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர் ஒருவரே பொருளையும் வைத்து, அவரே தீர்மானமும் போட்டார். 2022ல் முதல்முறை உள்ளே வந்த கவுன்சிலர்களுக்குச் சொல்லிக்கொடுக்க மூத்தவர்கள் அதிகம் இல்லை. அலுவலகத்துக்கோ ஐந்து வருடம் யாரும் கேள்வி கேட்காத பழக்கம். இன்று பல ஊர்களில் நடக்கும் தகராறின் வேர் கட்சியில் இருப்பதைவிட இந்த இடைவெளியில் அதிகம் இருக்கிறது என்பது என் கணிப்பு.

கூட்டத்துக்கு முன்: நோட்டீஸும் நாள் கணக்கும்

மாதம் ஒரு கூட்டமாவது நடக்க வேண்டும். இடம், தேதி, நேரம், எடுக்கப்போகும் பொருள்கள் ஆகியவற்றைச் சொல்லும் அறிவிப்பு மூன்று முழு நாளுக்கு முன்னால் உறுப்பினருக்குப் போய்ச் சேர வேண்டும்.

'முழு நாள்' என்பதில்தான் சூட்சுமம். கூட்டம் வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொள்வோம். வெள்ளியை எண்ணக்கூடாது, அறிவிப்பு கையில் கிடைத்த நாளையும் எண்ணக்கூடாது. நடுவில் செவ்வாய், புதன், வியாழன் மூன்றும் முழுசாகக் கிடக்க வேண்டும். ஆக, திங்கட்கிழமைக்குள் அறிவிப்பு சார்வு செய்யப்பட்டிருக்க வேண்டும், அதாவது கையில் சேர்ப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். செவ்வாய் சாயங்காலம் வந்து கையெழுத்துக் கேட்டால், கவுன்சிலர் கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதியும் நேரமும் போட்டுவிடுவது நல்லது. பின்னால் வழக்கு என்று வந்தால் பேசுவது அந்தத் தேதிதான்.

அவசரம் என்றால் தலைவர் குறைந்த அவகாசத்திலும் கூட்டலாம். அவசரக் கூட்டம் என்று அதைத் தனியாகவே குறிப்பார்கள். வெள்ளம், குடிநீர் குழாய் உடைப்பு என்றால் சரி. வருடா வருடம் அதே மாதத்தில் வரும் வாரச்சந்தை சுங்க ஏலத்துக்கு அவசரக் கூட்டம் என்றால் ஏன் என்று கேட்க வேண்டியதுதான்.

தலைவர் கூட்டமே கூட்டவில்லை என்றால்? உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர், எந்த நாளில் எதற்காகக் கூட்டம் வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கேட்கலாம். கேட்டும் கூட்டாவிட்டால் கையெழுத்திட்டவர்களே கூட்ட வழி இருந்தது. இந்த வழியைத் தேடிப் போகிறவர்கள் குறைவு. அலுவலக வாசலில் உட்கார்ந்து தர்ணா செய்கிறவர்கள்தான் அதிகம். தர்ணாவுக்குப் படம் வரும் என்பது வேறு விஷயம்.

அஜெண்டாவின் நான்கு சொற்கள்

கவுன்சிலர் கைக்கு வரும் அஜெண்டா, மூலையில் பின் அடித்த பத்துப் பதினைந்து தாள். இப்போது பல ஊர்களில் முந்தின நாளே வாட்ஸ்அப் குழுவிலும் பிடிஎஃப் ஆக விழுந்துவிடுகிறது. ஒவ்வொரு பொருளும் ஒரு நீண்ட வாக்கியம். அந்த வாக்கியத்தின் வாலைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

1. மன்றத்தின் பார்வைக்கு. தகவல் மட்டும். பிறப்பு இறப்புப் பதிவு, வரவு செலவு விவரம், மேலிருந்து வந்த சுற்றறிக்கை. இதில் ஓட்டுக்கு வேலை இல்லை.

2. மன்றத்தின் அனுமதிக்கு. இனிமேல் செய்யப்போகும் வேலை. சாலை, சாக்கடை, தெருவிளக்கு. நிர்வாக அனுமதி கிடைத்த பிறகுதான் டெண்டர்.

3. மன்றத்தின் முடிவுக்கு. அலுவலகம் இரண்டு பக்கத்தையும் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் பொருள். சந்தைக் கடைக் குத்தகையை நீட்டிப்பதா, மறு ஏலமா என்பது மாதிரி. உண்மையான விவாதம் நடக்க வேண்டிய இடம் இதுதான்.

4. பின்னேற்பு. வேலை முடிந்துவிட்டது, பணமும் போய்விட்டிருக்கலாம், இப்போது மன்றம் சரி என்று சொல்ல வேண்டும்.

நான்காவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் பல பேரூராட்சிகளின் அஜெண்டாவில் தாளை நிரப்புவது இதுதான். ஒரு மாதிரிக்கு:

"பொருள் எண் 14: இப்பேரூராட்சி 6வது வார்டு, மாரியம்மன் கோயில் வீதியில் உள்ள ஆழ்துளைக் கிணற்றின் மின்மோட்டார் பழுதடைந்துவிட்டபடியால், பொதுமக்களின் அவசர அவசியம் கருதி, தலைவரின் முன் அனுமதி பெற்றுப் பழுது நீக்கம் செய்த வகையில் ஏற்பட்ட செலவினத்திற்கு மன்றம் பின்னேற்பு வழங்கலாம்."

இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆற்றுத் தண்ணீர் வாரத்துக்கு ஒருநாள் வரும் ஊரில், உப்புத் தண்ணீர் மோட்டாரும் நின்றுவிட்டால் அடுத்த கூட்டம் வரை யார் காத்திருப்பார்கள்? அதற்காகத்தான் முன் அனுமதி என்ற வழி. செய், செய்துவிட்டு வந்து சொல் என்பது அதன் பொருள்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், மூன்று மாத அஜெண்டாவை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது. அதே 6வது வார்டு, அதே மோட்டார் மூன்று முறை வந்திருக்கும். அல்லது தனித்தனியாகப் பார்த்தால் சின்னத் தொகையாகத் தெரியும் ஐந்து பொருள், கூட்டினால் டெண்டர் விட வேண்டிய ஒரே வேலையாக இருக்கும். டெண்டர் வெளிப்படைத்தன்மைக்கென்று தமிழ்நாட்டில் 1998லேயே தனிச் சட்டம் போட்டார்கள். வேலையைத் துண்டு துண்டாக்கினால் அதன் கண்ணில் படாமல் நழுவிவிடலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

ஒரு கவுன்சிலர் இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஊழலா இல்லையா என்பதல்ல. மூன்று சாதாரணக் கேள்விகள் போதும். மோட்டார் பழுதான தேதி என்ன? விலைப்புள்ளி எத்தனை பேரிடம் வாங்கினீர்கள்? கழற்றிய பழைய பாகம் எங்கே இருக்கிறது? மூன்றுக்கும் கோப்பில் பதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பொருளை மட்டும் ஒத்திவைக்கச் சொல்லலாம். முழு அஜெண்டாவையும் எதிர்க்க வேண்டியதில்லை.

"ஏனுங்க தலைவரே, பதினாலாவது பொருளை மட்டும் தனியா எடுத்துக்கலாமுங்களா?" என்று ஒரு கவுன்சிலர் எழுந்து கேட்பதற்கும், மேசையைத் தட்டிக் கத்துவதற்கும் நடைமுறையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. முதலாவதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். இரண்டாவதற்கு, "கூட்டம் அமைதியாக நடக்க ஒத்துழைக்கவும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடலாம். 'ஆல் பாஸ்' என்று எல்லாப் பொருளையும் மொத்தமாக நிறைவேற்றும் பழக்கம் உயிரோடு இருப்பதே, தனித்தனியாக எடுக்கச் சொல்லி யாரும் கேட்காததால்தான்.

கோரமும் வெளிநடப்பும்: 18 பேர் கணக்கு

இப்போது முதலில் விட்ட சந்தேகத்துக்கு வருவோம். இரண்டு விதி மட்டும் தெரிந்தால் போதும்.

ஒன்று, கோரம். அன்றைய தேதியில் பதவியில் இருக்கும் உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினராவது இருந்தால்தான் எந்த முடிவும் எடுக்கலாம். பொள்ளாச்சி மாதிரி 36 வார்டு நகராட்சிக்கு 12 பேர். 18 வார்டுப் பேரூராட்சிக்கு 6 பேர்.

இரண்டு, பெரும்பான்மை. வந்திருந்து வாக்களித்தவர்களில் அதிகம் பேர் எந்தப் பக்கமோ அதுவே முடிவு. சமமாக வந்தால் தலைமை வகிப்பவர் தன் ஓட்டோடு இன்னொரு ஓட்டும் போடலாம்.

வாக்களித்தவர்களில் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். மொத்த உறுப்பினர்களில் என்று இல்லை.

இனி ஒரு கற்பனைப் பேரூராட்சியை எடுத்துக்கொள்வோம். 18 வார்டு. கூட்டத்துக்கு வந்தவர்கள் 13. சந்தைச் சுங்கத்தைப் பழைய குத்தகைதாரருக்கே நீட்டிக்கும் பொருள் வருகிறது. ஆதரவு, தலைவரையும் சேர்த்து 6. எதிர்ப்பு 7.

1. ஏழு பேரும் உட்கார்ந்து ஓட்டுப் போட்டால் 7க்கு 6. பொருள் தோற்றது.

2. ஏழு பேரும் ஆவேசமாகப் பேசிவிட்டு வெளிநடப்புச் செய்தால் உள்ளே இருப்பது 6. கோரம் சரியாக இருக்கிறது. ஆறு பேரும் ஆதரவு. எதிர்த்தவர் யாருமில்லை. "ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது."

3. ஏழு பேர் வெளியேறிய பிறகு, மீதி ஆறில் ஒருவரும் போன் வந்தது என்று எழுந்து போனால் 5. கோரம் இல்லை. அதற்கு மேல் எதையும் நிறைவேற்ற முடியாது. நிறைவேற்றியதாக எழுதினால், அந்த நேரத்தில் யார் யார் உள்ளே இருந்தார்கள் என்பதே கேள்வியாகிவிடும்.

4. எதிர்ப்பாளர் ஒருவர் வெளியூர் கல்யாணத்துக்குப் போய்விட்டு 6க்கு 6 என்று நின்றால், தலைவரின் இரண்டாவது ஓட்டால் பொருள் நிறைவேறும். முகூர்த்த நாளில் கூட்டம் வைப்பதில் இருக்கும் சாமர்த்தியம் இப்போது புரியும்.

இரண்டாவது நிலைமைதான் மாவட்டப் பக்கத்துச் செய்தி. எண்ணிக்கையில் ஜெயிக்க வேண்டிய ஏழு பேர் தாங்களாகவே எழுந்து போய் எதிராளியை ஜெயிக்க வைத்துவிட்டார்கள். சட்டத்தின் கண்ணில் வெளிநடப்பு எதிர்ப்பு ஓட்டு அல்ல. அது வெறும் காலி நாற்காலி.

வெளிநடப்புக்குப் பயனே இல்லையா? எண்ணிக்கையில் எப்படியும் தோற்கப்போகிறவர்களுக்கு உண்டு. ஊருக்குச் சேதி சொல்ல முடியும். அல்லது வெளியேறினால் கோரம் உடையும் என்று எண்ணிப் பார்த்துவிட்டு எழுந்தால், அது ஓர் உத்தி. எண்ணாமல் எழுவதுதான் கோளாறு.

குறித்த நேரம் தாண்டி அரைமணி வரை கோரம் சேரவில்லை என்றால் கூட்டம் ஒத்திப்போகும். வந்தவர்கள் எல்லோரும் இன்னும் காத்திருக்கச் சம்மதித்தால் தவிர. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போனவரைக் கோரத்தில் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். கையெழுத்து, வந்ததற்கு அத்தாட்சி. அந்தப் பொருளை எடுக்கும்போது உள்ளே இருந்ததற்கு அத்தாட்சி அல்ல.

வரவே வராதவர் கதை தனி. தொடர்ந்து மூன்று மாதம் எந்தக் கூட்டத்துக்கும் வராத உறுப்பினர் பதவியை இழப்பார் என்று 1920 சட்டம் சொன்னது. தகவல் கிடைத்த 15 நாளுக்குள் மனுப் போட்டால் மன்றமே மன்னித்து மீண்டும் சேர்த்துக்கொள்ளவும் அதில் வழி இருந்தது. மாதக் கடைசியில் சிலர் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்து பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதற்கு இதுதான் காரணம்.

ஓட்டுப் போட்டாலும் பதிவாக வேண்டும்

எதிர்ப்பு என்றால் மூன்று வேலை சேர்ந்துதான் அது முடியும்: பேச வேண்டும், வாக்கெடுப்புக் கேட்க வேண்டும், யார் எந்தப் பக்கம் என்று பெயரோடு பதியச் சொல்ல வேண்டும். கடைசி வேலையைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

2022 ஏப்ரல் இதற்கு நல்ல உதாரணம். மன்றங்கள் பொறுப்பேற்று ஒரு மாதம்கூட முழுசாக ஆகாத நிலையில், சொத்து வரிச் சீராய்வை அரசு அறிவித்தது. 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம், 1200 வரை 50, 1800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று உயர்வு. தொழிற்சாலைக்கு 75 சதவீதம், கடைகளுக்கு 100. மத்திய நிதிக்குழுவின் மானியத்துக்கு இது நிபந்தனை என்பது அரசின் விளக்கம். ஆனால் வரியை உயர்த்தும் தீர்மானத்தைப் போட வேண்டியது அந்தந்த மன்றம். பல்லடம், பள்ளிபாளையம் பக்கம் வீட்டோடு ஒட்டித் தறிக்கூடம் வைத்திருப்பவருக்கு, கட்டடத்தை எந்த வகையில் சேர்க்கிறார்கள் என்பதே பெரிய கேள்வி.

வரி உயர்வுத் தீர்மானம் ஒரே கூட்டத்தில் முடிகிற காரியமல்ல. முதலில் உத்தேசத் தீர்மானம். பிறகு அதை அறிவிப்பாக வெளியிட்டுப் பொதுமக்கள் ஆட்சேபணைக்கு ஒரு மாதத்துக்குக் குறையாத அவகாசம். வந்த ஆட்சேபணையைப் பரிசீலித்த பிறகுதான் இறுதித் தீர்மானம். முதல் கூட்டத்தில் வெளிநடப்புச் செய்து போட்டோ எடுத்துக்கொண்ட எத்தனை கவுன்சிலர் அந்த ஒரு மாதத்தில் தன் வார்டில் ஆட்சேபணை மனு எழுதி வாங்கிக் கொடுத்தார் என்று கேட்டுப் பாருங்கள். கதவு திறந்திருந்தது அங்கேதான்.

பேச்சு வேறு, பொருள் வேறு

"எங்க வார்டுல பத்து நாளா குப்பை எடுக்கலைங்க" என்று கவுன்சிலர் பேசுவதும், "உடனே நடவடிக்கை எடுக்கப்படும்" என்று தலைவர் சொல்வதும் தீர்மானம் அல்ல. அஜெண்டாவில் இல்லாத எதுவும் அன்றைக்கு முடிவாகாது. தன் வார்டு விஷயம் முடிவாக வேண்டும் என்றால், அடுத்த கூட்டத்தில் பொருளாக வைக்கச் சொல்லி முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்த கடிதத்தின் நகலில் அலுவலக முத்திரை வாங்கிக்கொள்வதும் முக்கியம்.

யார் பேசலாம் என்பதிலும் தெளிவு வேண்டும். தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. ஆனால் தலைவியின் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டுக்கொண்டு கணவர் பதில் சொல்லும் காட்சி இன்னும் சில ஊரில் உண்டு. மன்றத்தில் அவருக்கு எந்த இடமும் இல்லை; வேடிக்கை பார்க்க வந்த பொதுமக்களில் அவரும் ஒருவர், அவ்வளவே. அதேபோல, தனக்குப் பண ஆதாயம் உள்ள பொருளில் உறுப்பினர் பேசவோ ஓட்டுப் போடவோ கூடாது. மைத்துனர் பெயரில் காண்ட்ராக்ட் எடுத்திருப்பவர் அந்தப் பொருள் வரும்போது ஒதுங்குவதுதான் முறை.

மினிட் புத்தகம்

கூட்டம் முடிந்த பிறகு மிஞ்சுவது ஒரு புத்தகம்தான். இடது பக்கம் பொருளும் அலுவலகக் குறிப்பும். அதன் கீழேயோ எதிரிலோ மன்றத்தின் தீர்மானம். பெரும்பாலும் ஒற்றைச் சொல்: "அனுமதிக்கப்பட்டது."

அந்த ஒற்றைச் சொல்லின் வகைகளுக்குள்ளே பெரிய தூரம் இருக்கிறது. "ஒத்திவைக்கப்பட்டது" என்றால் பொருள் உயிரோடு இருக்கிறது, அடுத்த மாதமே வரலாம். "நிராகரிக்கப்பட்டது" என்றால் தோற்றது. "பதிவு செய்யப்பட்டது" என்றால் மன்றம் பார்த்தது, அவ்வளவுதான். சந்தைக் குத்தகைப் பொருள் கூட்டத்தில் ஒத்திவைக்கப்பட்டு, புத்தகத்தில் "அனுமதிக்கப்பட்டது" என்று ஏறிவிட்டதாகப் புகார் வந்தால், ஊர் நினைவு ஒரு பக்கம், தலைவரின் கையெழுத்துள்ள தாள் ஒரு பக்கம். தாளைப் பொய் என்று நிரூபிக்க வேண்டிய பாரம் எதிர்க்கிறவர் தலையில் விழும். அதனால்தான், அடுத்த கூட்டம் தொடங்கியவுடன் முந்தின தீர்மானங்களைப் படிக்கச் சொல்லிக் கேட்பது சடங்காகத் தெரிந்தாலும், திருத்தச் சொல்ல இருக்கும் நல்ல வாய்ப்பு அது.

போட்ட தீர்மானத்தை மாற்றவும் எளிதில் முடியாது. மூன்று மாதத்துக்குள் ரத்துச் செய்யவோ திருத்தவோ வேண்டுமானால், அதற்கென்றே கூட்டிய கூட்டத்தில், மன்றத்தின் மொத்த எண்ணிக்கையில் பாதிப்பேராவது ஆதரிக்க வேண்டும். 18ல் 9. ஆறு பேர் உட்கார்ந்து நிறைவேற்றியதை அழிக்க ஒன்பது பேர் வேண்டும். வெளிநடப்பின் விலை இங்கே இன்னொரு மடங்கு ஏறுகிறது.

மன்றத்துக்கு மேலேயும் அதிகாரம் உண்டு. முறைப்படி நிறைவேறாத, அதிகார வரம்பை மீறிய, உயிருக்கோ சுகாதாரத்துக்கோ ஆபத்தான தீர்மானத்தை அரசு நிறுத்திவைக்கவோ ரத்துச் செய்யவோ முடியும். கோரம் இல்லை, நோட்டீஸ் நாள் குறைவு என்பவை அங்கே எடுபடும் காரணங்கள். "எங்களைப் பேச விடவில்லை" என்பது, பதிவில் இல்லாத வரை, எடுபடுவது கடினம்.

வரி கட்டுகிறவர் என்ன செய்யலாம்

1. போய் உட்காரலாம். மன்றக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது என்பதே பொது விதி. குறிப்பிட்ட சந்தர்ப்பத்தில் வெளியே இருக்கச் சொல்ல வேண்டுமானால் காரணத்தை எழுதிவைத்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். கேட்கலாம், பேச முடியாது.

2. கூட்டத்துக்கு முன் உங்கள் கவுன்சிலரிடம் அஜெண்டாவைக் கேளுங்கள். உங்கள் வார்டு எண் எந்தெந்தப் பொருளில் வருகிறது என்று பார்த்தால் போதும்.

3. தீர்மான நகலுக்குத் தகவல் உரிமைச் சட்டம். பொதுத் தகவல் அலுவலருக்கு வெள்ளைத் தாளில் மனு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ வில்லை, பதிலுக்கு 30 நாள். "ஊழல் விவரம் தருக" என்று எழுதினால் ஒன்றும் வராது. இப்படி எழுதலாம்: "இன்ன தேதியில் நடந்த சாதாரணக் கூட்டத்தின் 1. அறிவிப்பு சார்வு செய்த பதிவேட்டுப் பக்கம், 2. உறுப்பினர் வருகைப் பதிவேட்டுப் பக்கம், 3. பொருள் எண் 14க்கான அலுவலகக் குறிப்பும் தீர்மானமும் ஆகியவற்றின் நகல்." மூன்று தாளும் கைக்கு வந்ததும் தேதிகளை ஒன்றுக்கொன்று வைத்துப் பாருங்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துகளை எண்ணும்போது, கோரத்துக்கு எத்தனை பேர் வேண்டும் என்று பார்க்க, மொத்த வார்டில் காலியாக இருப்பதைக் கழித்துவிட்டு மூன்றால் வகுக்க வேண்டும்.